மருந்தின் விலையும் ஓர் அமானிதமே

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் மற்றும் அவர்களது வழி நடக்கும் நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்புக்குரிய வாசகர்களே! முதற்கண் என்னையும் அடுத்து உங்களையும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு உபதேசித்துக் கொள்கின்றேன். தக்வா என்றதும் தொழுகை, நோன்பு, திக்ர் என்பனவே எமது உள்ளத்தில் தோன்றுகின்றன. அது சரியே. எனினும் ஷுஐப் (அலை) அவர்கள் தமது சமூகத்தாரை ஏக இறைவனை வணங்குமாறு அழைத்த கையோடு எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதனை அல்குர்ஆனில் எடுத்துப் பாருங்கள். அளவையையும் நிறுவையையும் பற்றியே பேசினார்கள். மக்களின் பொருட்களில் குறை வைக்காதீர்கள் என்பதே அவர்களது தஃவாவின் இரண்டாம் பகுதியாக இருந்தது. ஆகவே கடைத் தெருவும் தக்வாவின் களமே. அக்கடைத் தெருவில் மனிதன் மிகவும் பலவீனனாக வந்து நிற்கும் இடம் மருந்துக் கடையாகும். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதல் ஸஃப்பில் ஒரு மனிதர்

எமது பள்ளிவாசலில் ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்கும் ஒரு வயோதிபர் இருந்தார். தையல் தொழில் செய்தவர். சீனி வருத்தமும் பிரஷரும் அவரை நெடுங்காலமாகப் பிடித்திருந்தன. மாதந்தோறும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கிற்குச் சென்று இலவசமாக மருந்து எடுத்து வருவார். 2022ஆம் ஆண்டில் கிளினிக்கில் மருந்து இல்லாது போனது. வெளியில் வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். கடையில் விலை கேட்டவர் பாதி நாட்களுக்குரிய குளிசைகளை மாத்திரம் வாங்கினார். பின்னர் ஒவ்வொன்றையும் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு மாதத்திற்கு ஓட்டினார். மனைவிக்கும் சொல்லவில்லை, வைத்தியரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஸுப்ஹுக்கு அவர் வரவில்லை. பாரிசவாதம் அவரது வலப் பக்கத்தை முடக்கியிருந்தது. நோய் விசாரிக்கச் சென்றபோது, வார்த்தைகள் தடுமாற, குளிசையை உடைத்துக் குடித்த கதையைச் சொன்னார். "ஏன் நானா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஹஸ்ரத், உங்களுக்குப் பள்ளி வேலை இருக்கிறதே" என்றார்.

வாசகர்களே, அவ்வார்த்தையின் பாரத்தை நீங்கள் அறிய வேண்டுமாயின் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அதே மாதம் பள்ளிவாசலின் தரைக்குப் புதிய மாபிள் பதிப்பதற்காக நான் மிம்பரில் நின்று நிதி கேட்டிருந்தேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பின்னர் புரட்டிப் பார்த்தேன். அவரது பெயரில் 1,000 ரூபா எழுதப்பட்டிருந்தது. மருந்துக்கு இல்லாத பணம் மாபிளுக்கு வந்திருந்தது. கேட்டவன் நான்.

அவர் பாதிக் குளிசை குடித்தமைதான் நோய்க்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்லன். வாழ்வும் மரணமும் ஆரோக்கியமும் அல்லாஹ்வின் கைகளில் உள்ளன. எனினும் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கியவனும் அவனே என்றும், எனவே மருந்து செய்து கொள்ளுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். மருந்து இறக்கப்பட்டிருந்தும் அது ஏழையின் கைக்கு எட்டாமற் போனால், இடையில் நிற்பது யார்? இக்கேள்விக்கு மறுமையில் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமல்லவா?

விலை ஏறுவது எவ்வாறு?

இலங்கை ஒரு சிறிய நாடு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது இந்நாட்டுக்குக் கிடைத்த பெரும் அருட்கொடை. ஆயினும் நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அவற்றுக்கு டொலரில் பணம் செலுத்த வேண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் 350 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் மாதத்தில் மருந்து விலையை 29 வீதம் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளின் உச்ச விலை மேலும் 40 வீதம் உயர்ந்தது. இவ்விரு உயர்வுகளும் ஒரே மருந்தின் மேல் விழுந்தால் 100 ரூபா 180 ரூபாவாகும். 2023 ஜூன் மாதம் 60 மருந்துகளின் விலை 16 வீதம் குறைக்கப்பட்டது. அவ்வாறு குறைந்த பின்னரும் அந்த 100 ரூபா 152 ரூபா அளவில்தான் நின்றது. கூலித் தொழிலாளியின் சம்பளம் அவ்வாறு ஏறவில்லை.

நாணயத்தின் வீழ்ச்சி ஒரு காரணம் மாத்திரமே. அமைதியான காலத்திலும் விலையை உயர்த்தும் இன்னொரு காரணம் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று அதன் பொதுப்பெயர். அது மருந்தின் உண்மையான பெயர். பெரும்பாலும் உலகெங்கும் ஒன்றே. மற்றையது கம்பனி சூட்டும் வர்த்தகப் பெயர். சீனி வருத்தத்திற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபோமின் என்பது பொதுப்பெயர். அதனையே பல கம்பனிகள் பல பெயர்களில், பல நிறப் பெட்டிகளில், பல விலைகளில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஒரே மருந்து. நாம் பெட்டியின் பெயருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கின்றோம்.

ஒரு பேராசிரியரின் கணக்கு

இவ்வுண்மையை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்த அவர் மருந்தியல் துறைப் பேராசிரியர். அவர் முஸ்லிம் அல்லர். எனினும் மனிதர்களுக்கு நன்மை செய்தவரை நன்றியோடு நினைவுகூர்வது எமது மார்க்கம் கற்றுத் தந்த பண்பாடாகும்.

1971இல் அவரும் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து, நாட்டின் மருந்து நிர்வாகம் குறித்து அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார்கள். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலே அதன் முதல் தலைவரானார். அவரது கணக்கு மிகவும் எளிமையானது. நாட்டுக்கு உண்மையில் தேவையான மருந்துகள் எவை என்று ஒரு பட்டியல் இடுங்கள். அவற்றைப் பொதுப்பெயரில் கேளுங்கள். நூறு வியாபாரிகள் தனித்தனியே சிறிதளவு வாங்குவதற்குப் பதிலாக, முழு நாட்டுக்கும் ஒருவரே மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கட்டும். விற்பவர்கள் தம்மிடையே போட்டியிட்டு விலையைக் குறைப்பார்கள். இவ்வாறு, தனியார் சந்தையில் 2,000க்கும் மேற்பட்டுக் கிடந்த மருந்துப் பெயர்கள் ஏறத்தாழ 600ஆகச் சுருக்கப்பட்டன. ஒரு சிறிய நாடு பெரிய கம்பனிகளோடு பேரம் பேச முடியும் என்பதனை உலகம் கண்டது. ஏனைய வறிய நாடுகளுக்கும் இவ்வழியைக் காட்டுமாறு ஐக்கிய நாடுகள் அமைப்பு அவரை அழைத்தது. அப்பணியில் இருந்தபோதே 1977 செப்டம்பரில், கயானா நாட்டில் அவர் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. மருந்து இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. பெயர்களும் பெருகின. பிபிலேயின் சிந்தனையைத் தழுவிய தேசிய ஒளடதக் கொள்கையை அமைச்சரவை 2005இல் ஏற்றுக் கொண்டது. அது சட்டமாவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை அமைக்கப்பட்டது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. சீனி, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் போன்ற நெடுநாள் நோய்களுக்கான மருந்துகள் அவற்றுள் அடங்கின. பல குடும்பங்கள் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

விலை விதிப்பது மார்க்கத்தில் ஆகுமா?

இங்கு சில வியாபாரச் சகோதரர்கள் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. மதீனாவில் பொருட்களின் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லையே, எவருக்கும் அநீதி இழைத்தவனாக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றல்லவா கூறினார்கள் என்று கேட்கின்றனர். ஹதீஸ் உண்மையானதே. ஆனால் அறிஞர்கள் அதனை எவ்வாறு விளங்கினார்கள் என்பதனையும் பார்க்க வேண்டும்.

வரத்துக் குறைந்தோ தேவை கூடியோ இயல்பாக விலை ஏறினால், வியாபாரியை நட்டத்திற்கு விற்குமாறு நிர்ப்பந்திப்பது அநீதி. அதே வேளை, மக்களுக்கு இன்றியமையாத பொருளைக் கையில் வைத்துக் கொண்டு, நியாயமான விலைக்கு மேல் தந்தாலன்றி விற்க மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால், நியாய விலையில் விற்குமாறு ஆட்சியாளர் அவரைக் கட்டாயப்படுத்துவதே நீதி என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹிஸ்பா பற்றிய தமது நூலில் விளக்கியுள்ளார்கள். ஆக இரண்டு நிலைகளிலும் அளவுகோல் ஒன்றே. எவருக்கும் அநீதி இழைக்கக் கூடாது.

2022 எமக்குப் புகட்டிய பாடமும் இதுவே. கொண்டு வரும் செலவை விடவும் உச்ச விலை குறைவாக இருந்தால், இறக்குமதியாளர் அம்மருந்தைக் கொண்டு வருவதை நிறுத்திவிடுவார். விலைப் பட்டியலில் மருந்து மலிவாக இருக்கும், கடைத் தட்டில் இருக்காது. விலை விதிப்பவரும் நீதியுடன் கணக்குப் பார்க்க வேண்டும். இதற்கு மறுபுறம், விலை ஏறப் போகின்றது என்ற செய்தி கேட்டு மருந்தைப் பின்னறையில் பூட்டி வைப்பவர், பதுக்கல் செய்பவன் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றார். உணவைப் பதுக்கினால் வயிறு காயும். மருந்தைப் பதுக்கினால் உயிரே போகும்.

மலிவும் தரமும் பிரியக் கூடாது என்பதனையும் இங்கு சொல்லியாக வேண்டும். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபியூலின் மருந்தின் தரம் குறித்து எழுந்த விவகாரம் நீதிமன்றம் வரை சென்று நாட்டையே அதிரச் செய்தது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ அவர்கள் சந்தைப் பரிசோதகர்களுக்காக எழுதிய நூலில், மருந்து விற்போரைக் கண்காணிப்பதற்கென்றே தனி அத்தியாயம் உள்ளது. மருந்தில் செய்யப்படும் கலப்படம் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் அங்கு கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு

வாசகரே, நீங்கள் வைத்தியராக இருந்தால், துண்டில் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதுங்கள். ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்து கேட்ட சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். மருந்துக் கம்பனியின் பிரதிநிதி ஒரு பரிசுப் பொருளுடன் உங்கள் அறைக்குள் நுழையும்போது அக்கேள்வியை உங்களிடமே கேட்டுக் கொள்ளுங்கள். அப்பரிசின் விலையை இறுதியில் செலுத்துபவர் வெளியே வாங்கில் காத்திருக்கும் நோயாளியே.

நீங்கள் மருந்துக் கடை நடத்துபவராக இருந்தால், அதே மருந்து குறைந்த விலையிலும் உண்டு என்பதனை, கேளாமலேயே சொல்லுங்கள். விற்பனைப் பொருளின் குறையை மறைப்பது கூடாது என்பதனை எல்லா வியாபாரிகளும் அறிவர். வாங்க வந்தவர் அறியாமையினால் கூடுதலாகச் செலவிடுவதைப் பார்த்துக் கொண்டு மௌனமாக இருப்பதும் அமானிதத்திற்கு அழகன்று.

நீங்கள் நோயாளியாக இருந்தால், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். "டொக்டர், இதன் பொதுப்பெயர் என்ன? மலிவானது உண்டா? இவற்றுள் எது கட்டாயம் குடிக்க வேண்டியது?" என்று கேளுங்கள். அரச ஒசுசலவில் விலையை விசாரியுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலையையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வலிப்பு நோய் மருந்து போன்ற சிலவற்றில் கம்பனியை மாற்றுவதற்கு முன்னர் வைத்தியரின் ஆலோசனை அவசியம். எக்காரணம் கொண்டும் நீங்களாகவே அளவைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். பணம் இல்லையெனில் அதனை வைத்தியரிடம் சொல்லுங்கள். வறுமையைச் சொல்வது இழிவன்று. எமது உடலும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

நீங்கள் வசதி படைத்தவராக இருந்தால், ரூமா கிணற்றை நினைத்துப் பாருங்கள். மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாக இருந்த நேரத்தில் அக்கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. ஏழைகள் தவித்தார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் தமது சொந்தப் பணத்தில் கிணற்றையே வாங்கி, எல்லோருக்கும் பொதுவாக வக்ஃபு செய்தார்கள். அவர்கள் தாகித்தவர்களுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை, விலை என்ற தடையையே அகற்றினார்கள். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தினால் இயங்கி, செல்வந்தர் ஏழை என்ற பேதமின்றிச் சிகிச்சை அளித்தது. வக்ஃபு என்றால் பள்ளிவாசலும் மையவாடியும் மட்டுமே என்று நாம் எப்போது சுருக்கிக் கொண்டோம்?

மாபிளுக்குப் பின்னர்

அந்த வயோதிபரின் வீட்டிலிருந்து திரும்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஜும்ஆவில் ஜமாஅத்தாரிடம் நடந்ததைச் சொன்னேன், அவரது பெயரை மாத்திரம் சொல்லவில்லை. நிர்வாக சபையினர் எஞ்சியிருந்த தரை வேலையை ஒத்திவைத்து, மருந்துக்கென ஒரு நிதியை ஆரம்பித்தார்கள். தேவையுடையோர் அலுவலகத்திற்கு வந்து பெயரைப் பதியலாம் என்று அறிவித்தோம். முதல் மாதம் ஒருவர் கூட வரவில்லை. தேவையுடையோர் இல்லாமலல்ல. கைநீட்டக் கூசுவதால் அவர்களைத் தேவையற்றவர்கள் என்று அறியாதவர் எண்ணிவிடுவார் என அல்குர்ஆன் வர்ணிக்கும் மக்கள் எமது ஊரிலும் வாழ்கின்றார்கள் என்பதனை நாம் மறந்திருந்தோம்.

பின்னர் முறையை மாற்றினோம். ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னர் பள்ளி வாசிகசாலையில் அமர்ந்து, மருந்துத் துண்டு கொண்டு வருவோர் எல்லோருக்கும், வசதியுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், பொதுப்பெயரையும் மலிவாகக் கிடைக்கும் இடத்தையும் விளக்கிச் சொல்கின்றார். உண்மையில் இயலாதவர் யார் என்பது அவருக்குப் புரிந்துவிடும். அவர் துண்டில் ஒரு சிறு அடையாளம் இடுவார். கடைக்காரர் மருந்தைக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் பள்ளிக்குக் கணக்கை அனுப்புவார். வரிசையில் நிற்பவர்களில் யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது எவருக்கும் தெரியாது. வறியவர்களுக்கு ஸகாத்தில் உரிமை உண்டு. சிகிச்சைக்காகக் கடன்பட்டு மீள முடியாதவர்கள் கடனாளிகள் என்ற பிரிவில் அடங்குவர். எனவே எமது நிதியில் ஸகாத்தையும் ஸதகாவையும் தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கின்றோம்.

இது ஒரு சிறு முயற்சியே. நாட்டின் மருந்து விலையை ஒரு மஹல்லாவினால் குறைக்க முடியாது. அதற்கு நேர்மையான கொள்வனவும், உறுதியான சட்டமும், உள்நாட்டு உற்பத்தியும் வேண்டும். ஜப்பானின் உதவியுடன் 1987இல் தொடங்கப்பட்ட அரச மருந்துப் பொருட்கள் உற்பத்திக் கூட்டுத்தாபனம் போன்ற முயற்சிகள் வளர வேண்டும். அவற்றை ஆட்சியாளரிடம் கேட்பது எமது உரிமை. எனினும் ஆட்சியாளரின் பொறுப்பைப் பேசிக் கொண்டே அடுத்த வீட்டாரின் குளிசைப் பெட்டியைப் பார்க்கத் தவறினால், அது எமது குற்றமாகும்.

அந்த வயோதிபர் இப்போது பள்ளிவாசலின் ஓரத்தில் கதிரையில் அமர்ந்தே தொழுகின்றார். அவருக்கு முன்னால் மாபிள் பதித்த பகுதியும் பதிக்காத பகுதியும் சந்திக்கும் கோடு தெரிகின்றது. ஒவ்வொரு ஜும்ஆவிலும் மிம்பரில் ஏறும்போது அந்தக் கோடு என் கண்ணில் படுகின்றது. அதனை அவ்வாறே விட்டுவிடுமாறு நிர்வாக சபையினரை நான் கேட்டுக் கொண்டுள்ளேன்.

அன்பு வாசகரே! இவ்விதழை மூடி வைத்துவிட்டு உங்கள் மஹல்லாவில் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் செல்லுங்கள். நோய் விசாரிப்பது ஸுன்னத். நலம் கேட்டதோடு திரும்பிவிடாமல், "மருந்து முழுவதும் இருக்கின்றதா?" என்று தனிமையில், மெதுவாகக் கேளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் எமது நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! மருந்தை எழுதுவோர், விற்போர், வாங்குவோர், ஆள்வோர் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்குவானாக! எமது பள்ளிவாசல்களை, சுவர்களாலும் தரையாலும் மட்டுமன்றி, இரக்கத்தாலும் அழகுபடுத்துவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.